மருந்து மட்டும்தான்

பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் நான். திண்டிவனத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழை வந்தால் ஒழுகும் ஒரு தகரக் கூரை. ‘கிழக்கே’ என்று போட வேண்டிய இடத்தில் ‘மேற்கே’ என்று போட்டுவிட்டால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆயுசுக்கும் கோர்ட்டுப் படி ஏறுவார்கள் என்று தெரிந்தவள். வருகிறவர்களிடமெல்லாம், முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று எரிந்து விழுகிறவள். அப்பேர்ப்பட்ட நான் ஒரு கடிதத்தைப் பாதி மட்டும் படித்துவிட்டு, முன்பின் தெரியாத இருநூறு பேருக்குக் காட்டி, யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான்கு நாள் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

போன வருஷம் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம்தான் அம்மாவை விழுப்புரத்திலிருந்து என்னோடு அழைத்து வந்தேன். அழைத்து வந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. இழுத்து வந்தேன் என்பதுதான் சரி. எழுபத்தெட்டு வயதில், ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாளே என்று நான் கவலைப்பட்டதுபோல் அவள் படவில்லை. “எனக்கு இங்க இன்னா கொறைச்ச?” என்பதுதான் அவள் கேள்வி. கடைசியில் நான் கத்தினேன், அவள் அழுதாள், வேன் வந்தது. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வீட்டைக் காலி பண்ணும்போது அம்மாவின் இரும்புப் பெட்டியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை எடுத்து உதறினேன். அடியிலிருந்து நீல நிற இன்லண்ட் கடிதம் ஒன்று விழுந்தது. அனுப்பியவர் இடத்தில், ஊதா மையில் இரண்டு துப்பாக்கிகள் குறுக்கே கிடக்கும் ரப்பர் முத்திரை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, சர்க்கஸில் சுடுகிறவருடைய கடிதம்.

அவரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் அப்போது கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு பலூனைச் சுடுவார். கண்ணாடியைப் பார்த்தபடி முதுகுக்குப் பின்னால் எரிகிற மெழுகுவர்த்தியைச் சுட்டு அணைப்பார். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் பழைய காலத்து நாட்டுத் துப்பாக்கியை எடுப்பார். சர்க்கஸ் சாமான்கள் விழுப்புரம் ஜங்ஷனுக்குச் சரக்கு வண்டியில் வரும். என் அப்பா அங்கே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. அப்படிப் பழக்கமாகி, சுடுகிறவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூடாரம் வரும், அவரும் வருவார். அம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

எனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அந்தக் கூடாரத்தில், கடைசி ஆட்டத்துக்கு, அப்பா பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறார். பல்லுக்கு நடுவில் தோல் உரிக்காத வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. இருபது அடி தள்ளி நின்று சர்க்கஸ்காரர் சுட, மல்லாட்டை இரண்டாக உடைந்து பாதி கீழே விழுந்ததாம். இந்தக் கதையை அப்பா சொல்லாத ஆள் விழுப்புரத்தில் பாக்கி இல்லை. உடைந்த தோலில் பாதியை மூக்குப்பொடி டப்பாவில் வைத்திருந்து எடுத்துக் காட்டுவார். தெருவில் அவருக்கு ‘மல்லாட்டை’ என்றே பேர். கேலிதான். ஆனால் அப்பா அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

கடிதத்தை அம்மாவிடம் காட்டியிருக்க வேண்டும். அடுத்த அறையில்தான் இருந்தாள், அழுது முடித்துவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு. எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆபீஸ் பக்கத்தில் முத்திரைத்தாள் விற்கிறவர் பழைய தாள்கள் சேகரிக்கிற ஆசாமி. அவர்தான் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டிருந்தார். பழைய நோட்டீஸ், தபால்தலை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று பகல் முழுக்க டிங் டிங் என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். கடிதத்தின் முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தேன். நலம், நலமறிய ஆவல், கூடாரம் திண்டிவனத்தில் போட்டாகிவிட்டது, இங்கே தண்ணீர் உப்பு. இவ்வளவுதான். மூன்று பக்கத்தையும் போட்டோ எடுத்து, “புகழ்பெற்ற சர்க்கஸ் துப்பாக்கி வீரர் தம் கைப்பட எழுதிய குடும்பக் கடிதம், அவருடைய முத்திரையுடன். விருப்பமுள்ள சேகரிப்பாளர்கள் தொடர்புகொள்ளவும்” என்று போட்டேன். அதற்கு வரப்போகிற காசு எனக்குப் பெரிதில்லை. அப்பாவின் கதையை யாராவது ஒரு பெரிய மனிதர் மதித்து வாங்கிப் பத்திரமாக வைக்கட்டும் என்று ஒரு ஆசை.

தவக்காலம் தொடங்கிய பிறகு வந்த திங்கள்கிழமை காலை ஒரு தான செட்டில்மென்ட் பத்திரம் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மேடம், அந்தக் கடுதாசிய யாருக்கும் குடுத்துடலியே? நான் கோட்டக்குப்பத்துல இருந்து பேசறேங்க. துபாய்ல இருந்து வந்த பொறவு சர்க்கஸ் சாமானுங்களா சேத்துக்கினு இருக்கேன். நீங்க மூணாவது பக்கம் படிச்சீங்களா?”

“படிச்சேனே” என்றேன். பொய்.

“மருந்து வச்சத அவரே கைப்பட எழுதிகிறாரே! இத்தினி வருசமா நானும் தேடறேன் மேடம், இந்த விஷயத்த ஒருத்தனும் ஒத்துக்கினது கெடையாது. யாருக்கு எழுதினாரோ அந்த அம்மா உசுரோட இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அல்லாவே! அப்ப வியாழக்கெழம நேர்ல வர்றேன். அவங்கள ஒரு வார்த்தை கேட்டே ஆவணும். அதுவரைக்கும் கடுதாசி பத்திரம்.”

போனை வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். மூன்றாவது பக்கத்தில் ஒட்டுகிற மடிப்புவரைக்கும் நெருக்கி எழுதியிருந்தார். இன்லண்ட் கடிதத்தை அவசரமாகப் பிரிக்கிறவர்கள் பண்ணுகிற காரியம்தான், ஓரம் கிழிந்து ஒரு வார்த்தை போயிருந்தது. மிச்சம் இப்படி இருந்தது:

“நீ அழுதுகொண்டு கேட்டாய் என்பதற்காக அவருக்குத் தெரியாமல் மருந்து மட்டும்தான் வைத்தேன். வேறு”—இங்கே கிழிசல்—“இல்லை. என் ஆயுளில் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. ஒரே தடவையில் அடங்கிவிடும். இனி அவரால் உனக்குத் தொல்லை இருக்காது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அவர் காதுக்குப் போகக்கூடாது.”

மூன்று முறை படித்தேன். பத்திரம் எழுதுகிறவளின் கண் முதலில் தேதியைத் தேடியது. தேதி போடவில்லை. தபால் முத்திரையில் திண்டிவனமும் மார்ச் மாதமும் தெரிந்தன, வருஷம் மை அப்பிக் கிடந்தது. என் அப்பா செத்தது ஒரு ஏப்ரலில். அந்த வருஷமும் சர்க்கஸ் வந்திருந்தது. அந்த வருஷமும் சுடுகிறவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பரிமாறியதே நான்தான்.

மருந்து வைக்கிறது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சோற்றிலோ குழம்பிலோ தெரியாமல் கலந்து கொடுத்து ஒருவனை வசியம் பண்ணுவது, இல்லையென்றால் ஒரேயடியாகப் படுக்கப் போடுவது. அப்பா மூன்று வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில் ஈரல் என்றார்கள். சொந்தக்காரர்கள் மருந்து என்றார்கள். பெருமுக்கல் பக்கத்தில் மருந்து எடுக்கிற ஒரு அம்மாவிடம் வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். அவள் அப்பாவின் வயிற்றில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, தட்டில் கறுப்பாக முடி சுருண்ட ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டினாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம், பங்குச் சாமியாருக்குத் தெரியாமல் அந்தத் தட்டைச் சுற்றி நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். அப்பா ஒரு வாரத்தில் போய்விட்டார்.

சாவு வீட்டில் என் அத்தை, அப்பாவின் அக்கா, அம்மாவைப் பார்த்தபடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “ஊட்டுச் சோத்தத் தவிர என் தம்பி வேற இன்னா துன்னான்?”

அம்மா அத்தையை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அத்தையும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நாற்பது வருஷம் நான் அந்தப் பேச்சை அத்தையின் பொல்லாத வாய் என்று தள்ளி வைத்திருந்தேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அந்தத் திங்கள்கிழமை, அது ஒரு கேள்வியாக எனக்கு முன்னால் வந்து நின்றது.

முதல் வேலையாகக் குழுவில் போட்ட படங்களை அழித்தேன். அழித்து என்ன? பார்த்தவர்கள் பார்த்தாகிவிட்டது. ஒருத்தர் கிளம்பி வரப்போகிறார். அவர் உண்மையில் சேகரிக்கிறவர்தானா? ‘ஒருத்தனும் ஒத்துக்கினது கெடையாது’ என்று சேகரிக்கிறவர் ஏன் பேச வேண்டும்? போலீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரா? என் தாயை நானே காட்டிக்கொடுத்துவிட்டேனா? இது ஒரு பயம். இதற்கு அடியில் இன்னொரு பயம் இருந்தது, அது இதைவிடக் கேவலமானது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அந்தக் கையால் போடும் சோற்றைச் சாப்பிட வேண்டும்.

அம்மா கேப்பைக்களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தவிர எங்கள் வீட்டில் இது உண்டு. அம்மாவுக்குச் சமையலில் ஒரு கர்வம். உப்புப் பார்க்கமாட்டாள். கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்க்கிற பெண்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். “கைக்குத் தெரியாதது நாக்குக்குத் தெரிஞ்சிடுமா?” என்பாள். போடுகிற உப்பு ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. அன்றைக்குக் களி உருண்டையின் நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றித் தட்டை என் பக்கம் தள்ளினாள். எனக்குக் கை வரவில்லை.

“நான் ஒருசந்தி இருக்கேம்மா” என்றேன்.

தவக்காலத்தில் நாங்கள் இருக்கும் நோன்புக்கு ஒருசந்தி என்று பேர். ஒருவேளைதான் சாப்பாடு. பதினெட்டு வயதிலிருந்து நான் அதை ஏமாற்றித்தான் வந்திருக்கிறேன், அது அம்மாவுக்குத் தெரியும். அவள் முகம் மலர்ந்துபோனது.

“இப்பவாச்சும் உனக்குப் பக்தி வந்துச்சே. மாதாவே! அப்ப மத்தியானத்துக்கு டப்பா கட்டித் தர்றேன், அந்த ஒருவேளைய நல்லாச் சாப்புடு.”

அதை நான் யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தேன். புளிச்சோறு, அவரைக்காய்ப் பொரியல். எனக்குப் பிடித்தது. அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பின்புறம் போய், அங்கே படுத்திருக்கும் செவலை நாய்க்குக் கொட்டினேன். கொட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். எதற்கு நின்றேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நாய் சாப்பிட்டுவிட்டு வாயை நக்கியது, வாலை ஆட்டியது, நிழலில் போய்ப் படுத்தது. வேலையை விட்டுவிட்டு நான்கு தடவை எழுந்து போய் அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். பிறகு குழாயடியில் டப்பாவைக் கழுவி, துடைத்து, பையில் வைத்தேன். ஓட்டலில் இரண்டு இட்லி தின்றேன்.

புதன்கிழமை வந்தபோது நாய் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் புத்தி தெளியவில்லை. நாய்க்கும் எனக்கும் ஒன்றா? அம்மாவுக்குக் கோபம் நாய்மேல் இல்லையே. வீட்டை விட்டு இழுத்து வந்தவள் நான்தானே. இப்படியெல்லாம் யோசித்தேன். அவள் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறாளே, முட்டி போட்டுக் குனிந்து அத்தனை நேரம் சாமியார் காதில் என்னதான் சொல்கிறாள் என்று யோசித்தேன். அன்று சாயங்காலம் அவள் மாதா நவநாளுக்குக் கோயிலுக்குப் போயிருந்தபோது அடுப்படியைக் குடைந்தேன். அரிசி டின்னுக்குள் கைவிட்டுத் துழாவினேன். மிளகாய்த்தூளை மோந்து பார்த்துத் தும்மினேன். அலமாரி மூலையில் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம், உள்ளே கரேலென்று ஒரு பொடி. உட்கார்ந்துவிட்டேன். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தபோது கிராம்பு வாசனை அடித்தது. அம்மாவின் பல்பொடி. விழுப்புரத்தில் நாற்பது வருஷமாக அவள் தேய்த்துக்கொண்டிருந்த அதே பொடி.

கோயிலிலிருந்து வந்தவள் என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். “மொகம் ஏன் பேயறஞ்ச மாரி கீது? ஆபீஸ்ல எவனாச்சும் பேஜாரு பண்றானா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒருசந்தி இருந்தா இருட்டிக்கினுதான் வரும். எலுமிச்சம்பழம் புழிஞ்சி தரட்டா?”

“வேணாம்!” என்று கத்திவிட்டேன். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல், “டப்பாவக் கூட கழுவிக்கினு வர்றா” என்றாள். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். டிபன் டப்பாவை நான் ஜென்மத்தில் கழுவியதில்லை, சோற்றுப் பருக்கையோடு கொண்டுவந்து தொட்டியில் போடுகிறவள். பயத்தில் இருக்கிறவனுக்கு இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான் மூளை வேலை செய்யாமல் போகிறது.

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. அம்மா, நீ அப்பாவுக்கு என்ன செய்தாய்? எத்தனையோ தடவை வாய்வரைக்கும் வந்தது. அவள் இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேனோ என்று ஒரு பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவளை நான் என்ன பண்ணுவது?

வியாழக்கிழமை லீவு போட்டேன். வீட்டு முகவரியை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை, ஆபீஸில் முத்திரைத்தாள்காரரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். வர வேண்டாம் என்று சொல்லக் காலையில் மூன்று முறை போன் பண்ணினேன். மூன்றாம் தடவை எடுத்து, “பஸ்ஸு ஏறிட்டேன் மேடம், ஜல்தியா வந்துடறேன்” என்றார். பதினொரு மணிக்குக் கதவு தட்டிய சத்தம் கேட்டது. நான் எழுவதற்குள் அம்மா திறந்துவிட்டாள்.

அறுபது வயதுக்கு மேலிருக்கும். வெள்ளைத் தாடி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. போலீஸ்காரர் மாதிரி இல்லைதான். ஆனால் போலீஸ்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“அம்மா, சர்க்கஸ்ல சுடுவாரே, அவரு உங்களுக்கு எழுதின கடுதாசி ஒண்ணு...”

அம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. நான் அதைப் பார்த்தேன். நான்கு நாளாக நான் பயந்துகொண்டிருந்தது அந்த முகத்தைத்தான்.

“அது எப்பிடி உங்க கையில?”

“மேடம்தான் குரூப்ல போட்டிருந்தாங்க. அவரு காதுக்குப் போவக் கூடாதுன்னு எழுதிகிறாரு. அந்த மருந்து வச்ச கதைய நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் எனக்கு...”

“அம்மா, நீ ஒண்ணும் பேசாத” என்று எழுந்து நடுவில் நின்றேன். என் குரல் எனக்கே கிரீச்சென்று கேட்டது. “நீங்க கெளம்புங்க. கடுதாசி குடுக்கறதா இல்ல. வயசானவங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

“நீ சும்மா இரு” என்றாள் அம்மா. “எனக்கு எல்லாம் ஞாபகம் கீது. கொண்டா அத.”

கொடுத்தேன். வேறு வழியில்லை. அம்மா கடிதத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். கிழிந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்க இன்னா இருந்துச்சு தெரியுமா? குண்டு. ‘வேறு குண்டு இல்லை.’ இவங்கப்பா பாத்துடப் போறாருன்னு அவசரத்துல பிரிச்சேன், கிழிஞ்சிடுச்சி.”

வந்தவர் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டார். “குண்டு போடாமயே சுட்டாரு!”

“நான்தான் காலப் புடிக்காத கொறையா கேட்டேன். இவங்கப்பா ஒரு மாசமா அவரப் போட்டுப் புடுங்கி எடுத்தாரு. நானும் பலக முன்னால நிக்கிறேன், என்னியும் வச்சிச் சுடுன்னு. இவ கைக்கொழந்த. ஒரு நூல் இப்பிடி அப்பிடிப் போனா எங்க கதி இன்னா? கூடாரத்துக்கே போயி அழுதேன். அண்ணன் சொன்னாரு, தங்கச்சி, மருந்து மட்டும் வைக்கிறேன், குண்டு போடற மாரி போட்டுக் கையில மறச்சிக்கிறேன், சத்தம் கேட்டா போதும், உன் ஊட்டுக்காரரே பல்லக் கடிச்சி ஒடச்சிடுவாருன்னு. அதே மாரிதான் ஆச்சு. வெடிச்சதும் கண்ண மூடிக்கினு கடிச்சாரு. மல்லாட்டை ஒடஞ்சி பாதி கீழ வுழுந்துச்சு. ஜனம் கை தட்டிக்கினே கெடந்துச்சு. ஒரே தடவதான், அதோட அவரு ஆசை அடங்கிடுச்சி.”

“கிழிக்கச் சொல்லித்தானே எழுதிகிறாரு, ஏன் வச்சிருந்தீங்க?”

“திரும்பவும் நிக்கிறேன்னு கெளம்பினா எடுத்துக் காட்டலாம்னு வச்சிருந்தேன். கெளம்பல. அதுக்கப்புறம் காட்டவும் மனசு வரல. செத்துப்போற வரைக்கும் அந்தத் தோல டப்பால வச்சிக்கினு இருந்தாரே.” அம்மா கடிதத்தை மடித்து வைத்தாள். பிறகு வந்தவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். “குண்டு இல்லன்னு அவருக்குத் தெரியாதில்ல? அப்ப அவரு நின்னது நெசந்தானே?”

“நெசந்தாம்மா” என்றார் அவர். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இன்றுவரை அதுதான் என் துக்கம். பன்றி விரட்டத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு வரும் விவசாயிகளுக்கு எத்தனை மனு எழுதியிருக்கிறேன், ‘கரிமருந்து’ என்று இந்தக் கையாலேயே எத்தனை முறை அடித்திருக்கிறேன்! நான்கு நாள் பயம் விட்டுப்போன வேகத்தில், “அப்ப மருந்துன்னா... வெடிமருந்தா?” என்று கேட்டுவிட்டேன்.

வந்தவர் சத்தமாகச் சிரித்தார். “துப்பாக்கிக்காரரு கடுதாசில மருந்துன்னா வேற இன்னா மேடம்? நீங்க இன்னான்னு நெனச்சீங்க?”

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்மேலிருந்து மெதுவாக நகர்ந்து அடுப்படி மேடைமேல் கவிழ்த்து வைத்திருந்த டிபன் டப்பாவுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. திரும்ப என்னிடம் வந்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. சாவு வீட்டில் அத்தை கேட்டபோது பார்த்தாளே, அதே பார்வை. அன்றைக்கு அத்தையைப் பார்த்ததுபோல் இன்றைக்கு என்னைப் பார்த்தாள்.

“கடுதாசிய அவருக்குக் குடுத்துடு” என்றாள். “இனிமே யாருக்குத் தெரிஞ்சா இன்னா.”

வந்தவர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்து எடுத்துக்கொண்டு போனார். மூக்குப்பொடி டப்பாவும் இருந்தால் வேண்டும் என்றார். அது அப்பாவோடு குழிக்குள் போய்விட்டது என்று அம்மா சொன்னாள். எனக்கே அது அன்றுதான் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப நாலு நாளா ஒருசந்தி இருந்ததெல்லாம் அதுக்குத்தானா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும், அந்த ஒரு நொடி எனக்கு வரவில்லை. அவள் திட்டுவாள், அழுவாள், விழுப்புரத்துக்கே போகிறேன் என்று பெட்டியைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அரிசி களைய ஆரம்பித்தாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, முருங்கைக்கீரை, பருப்பு. அம்மா என் தட்டில் பரிமாறினாள். தள்ளிவிடவில்லை. என் தட்டிலிருந்தே ஒரு வாய் பிசைந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. “அட வுடு, அதப் போய்ப் பேசிக்கினு” என்று சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். சண்டை இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை, இந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்து நவநாளுக்கும் போகிறாள். ஆனால் இன்றைக்கும் முதல் வாய் அவள் எடுக்காமல் என் தட்டு எனக்கு வருவதில்லை. தவக்காலம் முடிந்து பாஸ்கா பண்டிகை அன்றைக்குக் கோழிக்கறி ஆக்கினாள், அன்றும் அப்படித்தான். என்னால் தாங்க முடியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்மா என்றேன்.

“இன்னாடி இது?” என்று கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “உப்பு சரியாக் கீதான்னு பாக்கறேன்.”